ஒருநாள் வாடகை

வவுனியாவிலிருந்து விடிய ஐந்துக்கு வெளிக்கிட்டால்
ஒட்டுசுட்டானில் காலைப் பூசை பிடிக்கலாம்.
பிறகு முள்ளியவளை, வற்றாப்பளை, கடற்கரை.
டீசல் என்னுடையது. சாப்பாடு உங்களுடையது.
ஏசி போட்டால் இரண்டாயிரம் கூட.

தவமலர் அக்கா ஏசி வேண்டாமென்றார்.
கண்ணாடியை இறக்கி
மாங்குளம் தாண்டும்வரை
முகத்தைக் காற்றிடம் கொடுத்துக்கொண்டே வந்தார்.
பின்சீட்டில் மகன் கபிஷன். பன்னிரண்டு வயது, ஒஸ்லோ.
இருட்டில் படி இறங்குகிறவன்போல
ஒவ்வொரு தமிழ்ச்சொல்லையும்
கால்வைத்துப் பார்த்துத்தான் பேசுகிறான்.

ஒட்டுசுட்டானில் நான் வழக்கமாய்ச் சொல்வது:
குரக்கன் வெட்டிய ஒட்டுக்கு ஒருத்தன் நெருப்பு வைத்தான்.
எல்லாம் எரிந்தது, ஓரிடம் மட்டும் எரியவில்லை.
கொத்திப் பார்த்தால் இரத்தம்.
விலக்கிப் பார்த்தால் சிவன்.

வழியில் பாலைப்பழம் வாங்கினோம், ஒரு சரை நூற்றைம்பது.
பொடியனுக்கு உதடு ஒட்டிக்கொண்டது.
முள்ளியவளையில் பிள்ளையாரைக்
கதைக்காமலே கும்பிட்டான்.

வற்றாப்பளையில் சனமில்லை.
பொங்கல் முடிந்து இரண்டு மாதம்.
கற்பூரம் விற்கிறவர் பேப்பரால் முகத்தை மூடிப் படுத்திருந்தார்.
நான் தொடங்கினேன்:
மதுரையை எரித்தவள்
ஒன்பது இடத்தில் நின்று நின்று
பத்தாவதாய் இஞ்சை வந்துதான் ஆறினாளாம்.
மாடு மேய்க்கிற பொடியளிட்டை
கிழவி வேசத்தில் வந்து
விளக்கு வையுங்கோ எண்டாளாம்.
எண்ணெய் இல்லையணை எண்டாங்களாம்.
கடல்தண்ணியை ஊத்துங்கோ எண்டாளாம்.
எரிஞ்சுதாம்.
பேன் பார் எண்டு தலையைக் குடுத்தாளாம்.
மயிரை விலக்கினால்
ஆயிரம் கண்.

கபிஷன் கேட்டான்:
"அந்தக் கண் எல்லாம்
எங்க பார்த்துக்கொண்டு இருந்தது?"

பதினான்கு வருசமாய் இந்தக் கதை சொல்கிறேன்.
எரியவேண்டியது எரியாததையும்
எரியக்கூடாதது எரிந்ததையும்
சொல்லிச் சொல்லியே வான் கடனைக் கட்டி முடித்தவன்.
மற்ற எரிந்தவை பற்றி நான் சொல்வதில்லை.
அது வாடகைக்குள் அடங்காது.

"ஏறுங்கோ, வெயில் ஏறுது" என்றேன்.

முல்லைத்தீவுச் சந்தியில்
அக்கா பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.
"வட்டுவாகல் பாலத்துக்கு விடுவீங்களோ?
நடுவிலை ஒரு நிமிசம் நிப்பாட்டினால் காணும்."
பாலம் ஒடுக்கம் அக்கா,
எதிரிலை வாகனம் வந்தால் விலக இடமில்லை.

எதிரில் வாகனம் வரவில்லை.
அந்தக் கரைவரை ஒன்றுமே இல்லை.
மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

இரண்டாம் கியரில் போனேன்.
இரண்டு பக்கமும் நந்திக்கடல்,
முழங்கால் ஆழத்தில் வலை வீசுகிற ஒருவர்,
அவர் அசையட்டும் என்று காத்துநிற்கிற கொக்குகள்.
பின்னுக்குப் பார்க்கும் கண்ணாடியை
மேலே திருப்பிவிட்டேன். அதில் வானின் கூரை தெரிந்தது.
பாலம் முடியும்வரை
பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை.
பிறகு பொலித்தீன் சரை கசங்குகிற சத்தம்.

கடற்கரையில் பொடியன்
போத்தலில் தண்ணீர் நிரப்பினான்.
"விளக்குக்கு" என்றான்.
"பிளேனிலை விடமாட்டாங்கள்" என்றார் தாய்.
"கொஞ்சம்தானே" என்றான்.

இரவு வவுனியாவில் கணக்குப் பார்த்தபோது
ஐந்நூறு கூட இருந்தது.
இதெதுக்கு அக்கா?
"இரண்டாம் கியருக்கு."

வானைக் கழுவும்போது
சீட்டுக்கு அடியில் போத்தல் உருண்டது.
அடியில் ஒரு விரல் மணல், மேலே தெளிந்த நீர்.
ஊற்றிவிட மூடியைத் திறந்தேன்,
மூடினேன்.
திரி இருந்தது வீட்டில், விளக்கும் இருந்தது.
எரியாவிட்டால் பரவாயில்லை.
எரிந்துவிட்டால்
பிறகு நான் என்ன கதை சொல்வது?

வெள்ளிக்கிழமை அட்டனிலிருந்து ஒரு குடும்பம்.
முன்சீட்டில் ஏறிய சின்னப் பெண்
கியருக்குப் பக்கத்தில் போத்தலைக் கண்டுவிட்டாள்.
"அங்கிள், தண்ணியா?"

"இல்லை பிள்ளை" என்றேன்,
"எண்ணெய்."