மூன்றாம் குவளை

நாலு மில்லிமீற்றர் என்றார் மருத்துவர்,
திரையில் ஓர் அரிசியைத் தொட்டுக் காட்டி.
அரிசியில்லை, குறுணி என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பதினொரு வருடமாய்ப் பொபினியில் பேருந்து ஓட்டுகிறேன்.
கடைசித் தரிப்பில் கழிப்பறை இருக்கிறது.
திறப்பு, மற்ற ஷிப்டுக்காரரின் பையில்.
ஆண்கள் சுவரைப் பார்த்து நிற்பார்கள்.
நான் குடிக்காமல் இருக்கப் பழகினேன்.
விடியற்காலை அரைக் கோப்பைத் தேநீர்,
பிறகு இரவு எட்டரைக்குக் குழாயடியில் வாய்.
நடுவில், ஒட்டிய நாக்கோடு
அறுநூறு 'போன்ழூர்'.

அப்படி விளைந்தது,
யாரும் எறியாத இந்தக் கல்.

இப்போது கோந்த்ரெக்செவில், மூன்று வாரம்.
தூண் மண்டபத்தில் ஏழரைக்கே வரிசை.
கோடு கிழித்த கண்ணாடிக் குவளையில்
என் பெயரை ஒட்டியிருக்கிறார்கள்:
வதனசோதி. 'வதன'வோடு இடம் முடிந்துவிட்டது.
பல் கூசும் குளிர். முதலில் ஆணியின் சுவை,
பிறகு கரும்பலகையை நக்கியது போல.
கல்சியம் குடித்தால் கல் வளராதா என்று கேட்டேன்.
இல்லை, அது கல்லாகும் உப்பைக் குடலிலேயே பிடித்து
வெளியே கூட்டிப் போய்விடும் என்றார்கள்.
பாதி நம்பினேன்; முழுதாய்க் குடித்தேன்.

முன்னால் யானிக், டன்கெர்க் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி:
ஏறி இறங்க அரை மணி, அதனால் இறங்குவதில்லை.
பின்னால் கிஸ்லென், நான்சியில் ஆசிரியை:
முப்பது பிள்ளைகளை விட்டு எப்படிப் போவது?
எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
எறும்புக்கு டியூட்டி அட்டவணை இல்லை.

மூன்றாம் குவளைக்குப் பிறகு நடக்க வேண்டும்.
பூங்காவில் எங்கு திரும்பினாலும் ஒரு கதவு,
பூட்டில்லாமல், உள்ளே வெதுவெதுப்பாய்.
முதல் நாள் திருடப் போனவள்போலப்
போய் வந்தேன்.
ஐந்தாம் நாள் கை கழுவிவிட்டுக்
கண்ணாடியில் பார்த்தேன்: உதட்டில் வெடிப்பில்லை.
மாலையானால் வருமே அந்தத் தலையிடி,
அதுவும் வரவில்லை.
எத்தனை வருடம் அதைக் களைப்பென்று நினைத்தேன்!

கல் போய்விட்டதா, தெரியாது. வியாழன் ஸ்கேன்.

கடைசிச் சந்திப்பில் சீட்டு எழுதினார்:
ஒரு நாளைக்கு இரண்டரை லிற்றர்.
கீழே இன்னொன்று எழுதுங்கள் என்றேன்.
என்ன மருந்து?
திறப்பு. கடைசித் தரிப்பு, கழிப்பறை, ஒன்று.
இப்போது சிரித்தார்.
நான் அவர் பேனாவைப் பார்த்தபடி இருந்தேன்.
சிரிப்பு நின்றது. எழுதினார்.
முத்திரையும் குத்தினார்.