வில்லா பதினேழு

எங்கள் வேனில் வரைந்திருக்கும் கரப்பான்
மல்லாந்து கிடக்கும்.
கண் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி.
அந்த வேனுக்குள் உட்கார்ந்துதான் படித்தேன்
இன்றைய வேலைச் சீட்டை:
அஜ்மான், அல் ரவ்தா, வில்லா பதினேழு,
தண்ணீர் மீட்டர்ப் பெட்டி, தேனீ.
கீழே சிவப்பு மையில்: கொல்லாமல்.

போன வருஷம்வரை அந்தச் சொல் சீட்டில் கிடையாது.
ஒரு டப்பா நுரை, பத்து நிமிஷம்,
முறம் நிறையக் கருப்பு.
எண்ணியதில்லை. எண்ணென்று யாரும் சொன்னதுமில்லை.

மூடியை நெம்பினேன்.
ஐந்து அடைகள்.
உம்மு ராஷித் சன்னலைத் திறக்காமலே கேட்டாள்,
இந்த மாதத் தண்ணீர்க் கணக்கை
எவன் வந்து எடுப்பான் என்று.

முட்டை அட்டையைக் கொளுத்திக் கொஞ்சம் புகை.
ரொட்டிக் கத்தியால் ஒவ்வோர் அடையாய் அறுத்து
மரச்சட்டத்துக்குள் நிறுத்தி
பரோட்டாப் பொட்டலத்து ரப்பர் பேண்டால் கட்டினேன்.
இனி அவள்.

முதல் தடவை, மார்ச்சில், ஷார்ஜாவில்,
பருத்த ஒன்றைப் பிடித்து
இரண்டு திர்ஹம் கடையில் வாங்கிய
கூந்தல் சுருட்டும் குழலில் அடைத்து
படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.
அது ஆண்.
தலை முழுக்கக் கண், மழுங்கிய பின்புறம்,
கொட்டக்கூடத் தெரியாது.
கேம்ப்பில் ஒரு வாரம் என்னை
மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள்.

பிறகு தெரிந்தவை, ஒவ்வொரு கொட்டுக்கும் ஒன்றாக:
பருமனைத் தேடாதே, நீளத்தைத் தேடு.
இறக்கை பாதி முதுகோடு நின்றுவிடும்,
தங்கை சட்டையைப் போட்டுக்கொண்டவள் மாதிரி.
வெளிச்சம் பட்டால் அடையின் மறுபக்கம் நழுவுவாள்.
அவள் கடக்கும் இடத்தில் மற்றவை முகம் திருப்பும்;
முதலில் கண்ணில் படுவது அவளல்ல,
அந்தத் திருப்பம்.
அறைக்குள் முட்டை
நின்றால் இன்று, சாய்ந்தால் நேற்று,
படுத்தால் முந்தாநாள்.

இன்று நின்றன.
ஐந்து அடை, பத்துப் பக்கம், மூன்று முறை பார்த்தேன்.
ஒன்பது மணிக்கே மெழுகு தொய்கிற வெயில்.
வலைக்குள் வியர்வை, துடைக்க வழியில்லை.
வேனிலிருந்து குல்ஸமான் உருதுவில் கத்தினான்:
உன் கை, உன் கை!

இடது முழங்கைக்குக் கீழே
உள்ளங்கை அகலத்துக்குக் கூட்டம்.
ஒன்றும் கொட்டவில்லை.
எல்லாம் உள்நோக்கி முகம் வைத்திருந்தன.
நடுவில், கம்பெனிப் பெயர் தைத்த மடிப்பில்,
ஈரத் தேக்கின் நிறத்தில் நின்று
மீசை துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பிடிக்கவில்லை.
குழலை உள்ளங்கையால் மூடி நிழல் காட்டினேன்,
ஏறிக்கொண்டாள்.
பெட்டிக்குள் தொங்கவிட்டதும்
வாசலில் சில பின்புறம் தூக்கி விசிறின:
இங்கே, இங்கே.
மற்றவை பறக்கவில்லை. நடந்தே போயின,
பள்ளி விட்டு வருகிற கூட்டம்போல் இடித்துக்கொண்டு.

பதினோரு மணிக்கு அடுத்த சீட்டு:
எலி, இண்டஸ்ட்ரியல் ஏரியா.
பெட்டியை அடைத்து ஏற்றினால் என் வேலை முடிந்தது.
ஆனால் விடியற்காலையில் கிளம்பிப் போனவை
எங்கோ ஒரு ஸமர் மரத்திலிருந்து
வந்துகொண்டே இருந்தன,
காலில் மஞ்சள் உருண்டை கட்டி.
முதலில் மீட்டரைச் சுற்றும்.
மறுபடி சுற்றும்.
அப்புறம்தான் பக்கத்தில் பெட்டி தெரியும்.

சூப்பர்வைசரின் போனை குல்ஸமான் எடுத்தான்.
நான்கு டயரையும் ஒரு சுற்றுப் பார்த்தபடி சொன்னான்:
பஞ்சர்.
ஸ்டெப்னி?
அதுவும்.

மஃரிப் வரை மதில் நிழலோடு நகர்ந்து உட்கார்ந்தோம்.
இமையில் ஒரு கொட்டு வீங்கியிருந்தது.
மிச்சக் கண்ணால் எண்ணினேன், உள்ளே போகிறவற்றை.
நூற்று நாற்பதோடு தப்பிவிட்டது.

சீட்டில், ராணி கிடைத்த இடம் என்ற கட்டத்தில்
இடது கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பாங்கு ஓய்ந்தபின்னும் ஒன்று வந்தது.
அப்போதுதான் வாசலில் திணித்த பஞ்சை
குல்ஸமான் மறுபடி பிடுங்கினான்,
காத்திருந்தான்,
திணித்தான்.
போனில் சொன்னான்,
டயர் சரியாகிவிட்டது என்று.