ஐந்தாவது

பன்னிரண்டாவது வாரம். கவுனாஸில் ஜூலை மழை.
ரூட்டா ஒவ்வொன்றாய்க் கக்கத்தில் இடுக்கிவந்து
சமையலறை விளக்கில் முதுகைப் புரட்டினாள்.
இறகு நுனி உருண்டை: பெட்டை.
அடுத்ததும் உருண்டை. மூன்றாவதும்.
நாலாவது மேசைவிரிப்பில் எச்சமிட்டது; அதுவும் பெட்டை.

ஐந்தாவதுக்குக் கால் தடிமன்,
கொண்டை ரத்தச் சிவப்பு,
இறகோ பென்சில் சீவினாற்போல்.
பிரூட்டே என்று பெயரும் வைத்தாயிற்று.

இரவுப் பணி முடித்து
விடிந்தபின் படுப்பவர் பக்கத்து வீட்டு ஜிந்தாரஸ்.
சேவல் வராது என்று ஏப்ரலில் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை அது கூவிற்று.
கூவலா அது, துருப்பிடித்த பம்பின் இருமல்.
வேலிமேல் ஜிந்தாரஸின் தலை.
"பெட்டைதான்" என்றாள்.
அவர் பிரூட்டேயைப் பார்த்தார்.
பிரூட்டே அவரைப் பார்த்தாள்.
"சரி. வாரம் ஒரு டஜன் முட்டை கொடு.
எல்லாம்
இவளே இட்டதாக இருக்கட்டும்."