தன்னை

கிருஷ்ணகிரி கல்லூரியின் பின்கட்டு,
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
தாடையைத் தாங்கியில் வைத்திருக்கிறார் சென்னம்மா,
ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கணக்கு எழுதுபவர்.
திரையில் இரண்டு முகம்.

"மங்கை, ருக்கு தன்னைத் திட்டி..."
சிவப்புப் புள்ளி ருக்குமேல் அமர்ந்து,
சந்தேகப்பட்டு மங்கைக்குப் புறப்பட்டு,
நடுவில் தொங்குகிறது.
"...க்கொண்டாள் என்றாள்."
ஒரு 'கொள்' வந்து
ருக்குவை ருக்குவிடமே சேர்க்கிறது.
அரை நொடிகூட ஆகவில்லை.

இருபத்துமூன்றாம் வாக்கியம்.
"மங்கை, ருக்கு அவளைத் திட்டினாள் என்றாள்."
புள்ளி இரண்டு முகத்தையும் விட்டது,
திரையையும் விட்டது.
பார்வை இழப்பு என்றது கருவி.

"எங்கூட்ல அவள்னா
ஒருத்திதாங்க" என்றார்,
தாடையை எடுக்காமல்.

அந்த வரியை நீக்கவேண்டும், விதி.
நீக்கினேன்.
அப்போது என் கண் எங்கே போனது என்று
பார்க்க ஆளில்லை.