வெள்ளம் வரும் வழி

மூன்று நாள் மழை விட்டபிறகு
மாருதி எண்ணூறைத் திறந்தால்
தவளைக்கு மட்டும் பிடிக்கும் ஒரு வாசனை.
டிரைவர் பக்கம் மிதியடி
கஞ்சியில் போட்ட பப்படம்போல் கிடக்கிறது.

கதவு ரப்பர் என்றார்கள் கருங்கலில்.
கண்ணாடி என்றார்கள் மார்த்தாண்டத்தில்.
ரெண்டும் மாற்றியாயிற்று.
வெள்ளம் மட்டும் மாறவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து
சேலைகூட மாற்றாமல்
டார்ச்சோடு உள்ளே குனிந்தாள் விஜிலா.
டாஷ்போர்டின் அடித்தகடெல்லாம் பவுடர் பூசினாள்.
வெளியே நான், ஹோஸோடு,
கீழிருந்து மேலாக.

கதவு.
"இல்ல."
கண்ணாடி விளிம்பு.
"இல்ல."
வைப்பரின் அடியில் அடைந்த புளியிலைச் சேற்றைக்
கரண்டியால் தோண்டிவிட்டு அங்கே பிடித்தேன்.
"இல்லண்ணு சொன்னேம்லா!"

பானட்டைத் தூக்கி
எஞ்சினுக்குப் பின்தகட்டில் பிடித்தபோது
சத்தமே இல்லை.
பிறகு,
"நிப்பாட்டுங்க. வருது."

வெள்ளைப் பவுடரில் ஒரு கறுத்த கோடு,
எதிலும் சேராமல் தொங்கும் வயர் வழியே இறங்கி
நுனியில் சொட்டுகிறது.
"இது எதுக்குள்ள வயரு?"

கல்யாணத்துக்கு முந்தின வாரம்
இவளைப் பாட்டோடு கூட்டிவர
ஆம்ப்ளிஃபயருக்காக நானே போட்ட துளை.
அந்த செட்டை ஐந்தாம் மாதமே
குளச்சலில் விற்றுத் தின்றோம்.

துளையில் விரலை வைத்துக்கொண்டே கேட்டாள்:
"இன்னும் எங்கெல்லாம் போட்டிருக்கீங்க?"

சீலன்ட் டியூபின் மூக்கை வெட்டியபடி
யோசிக்க ஆரம்பித்தேன்.