ரைட்டரின் கட்டங்கள்

மாசக் கடைசி.
எடவப்பாதி மழை பதினெட்டாம் நாளாக.
இன்ஸ்பெக்டர் கேட்ட தாளில்
போன வருசம் ஜூனுக்கு ஒரு கட்டம்,
இந்த ஜூனுக்கு ஒரு கட்டம்.
நடுவில் நான், ஏட்டு றோஸ்லெட் மேரி,
ஸ்டேஷன் ரைட்டர்.

வழிப்பறி ஏழு இருந்தது, இப்போது நாலு.
கன்னக்களவு ஐந்து, அதே ஐந்து.
ஆக மொத்தத்தில்
இருபத்தைந்து விழுக்காடு குறைவு.
கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.
கணக்கு சரிதான்.

நாலில் சேராத ஐந்தாவது ஆள்
வெட்டூர்ணிமடம் சுசீலாபாய்.
பால் வாங்கப் போனவள் கழுத்தில்
நகக்கீறலோடு வந்து நின்றாள்.
செயின் என்ன விலை என்றார் எஸ்.ஐ.
முந்நூற்று நாற்பது, செம்மாங்குடி ரோட்டில் வாங்கினது.
கவரிங்குக்கெல்லாம் எப்.ஐ.ஆரா என்று சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை.
"செயின் போனா போட்டு சார்.
கழுத்து அசலாக்கும்."

மனு ரசீது கொடுத்தோம்.
மனு ரசீதுக்கு இந்தத் தாளில் கட்டம் கிடையாது.

மூன்றாம் நாள் அந்தச் செயின்
குருசடி படிக்கட்டில் கிடந்தது,
பான்பராக் கவரில் சுருட்டி.
பறித்தவனுக்கும் ஒரு ஏமாற்றம்;
அவன் எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்ல?

இப்போது அந்தத் தெருவே கவரிங்தான்.
கல்யாண வீட்டுக்கும், கோவில் கொடைக்கும்,
ஞாயிறு பூசைக்கும்.
தங்கம் பத்திரமாக இருக்கிறது, அடகில்.
களவு போன சொத்தின் மதிப்பு என்ற வரிசையிலும்
இந்த மாசம் நல்ல இறக்கம்.

தோஹாவிலிருந்து வினிஸ்டன் கூப்பிடுகிறான்,
அவனுக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.
பூட்டிப்போட்ட வீட்டை
போனில் பார்த்துக்கொண்டே சோறு தின்கிறவன்.
"மேடம், மதில் மேல ஒருத்தன்."
ரோந்து வண்டி போய்ப் பார்த்தால்
சக்கை விழுந்து மதில் ஓடு உடைந்திருக்கிறது.
இது நாலாவது தடவை.
சக்கையை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றான்.
எடுத்தோம். வருக்கை.

ஒன்பதரைக்கு வேலை முடிந்து
சீருடையை மடித்துப் பையில் வைத்து
சுடிதார் போட்டால்
நானும் ஒரு கழுத்து.

ஸ்கூட்டர் நனைந்து நின்றுபோய்
ஆசாரிபள்ளம் ரோட்டில் தள்ளிக்கொண்டு போகிறேன்.
மூன்று கம்பத்தில் விளக்கு இல்லை.
கேமரா இருக்கிறது,
அதில் குளவி கூடு கட்டியிருப்பதும் எனக்குத் தெரியும்,
திறப்பு விழாவுக்குப் பந்தோபஸ்து நின்றவள் நான்.

பின்னால் ஒரு பைக் மெதுவாகிறது.
வண்டியை ஸ்டாண்ட் போட்டுச்
சாவியை விரல் இடுக்கில் செருகி
முஷ்டி பிடிக்கிறேன்.
பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில்
நானே சொல்லிக்கொடுத்த பிடி.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி
மழையில் முகத்தைக் காட்டினான்.
"அக்கா, பயப்படாதீங்க. பிரியாணி டெலிவரி.
ஜெபமாலை தெரு எங்க?"
பத்தொன்பது வயசு இருக்கும்.
கையில் என் சாவியைப் பார்த்ததும்
குரல் அவனுக்கும் கொஞ்சம் ஆடியது.
வழி சொன்னேன்.
இரண்டாம் திருப்பம் என்பதை
முதல் திருப்பம் என்று மாற்றிச் சொல்லிவிட்டதை
வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான் உணர்ந்தேன்.

காலையில் தாள் போக வேண்டும்.
குறைவுக்குக் காரணம் என்று ஒரு கட்டம்.
'மழை' என்று எழுதினேன்.
எல்லாரும் ரெயின்கோட் மாட்டியிருக்கிறார்கள்,
கழுத்தே வெளியே தெரிவதில்லை.
பிறகு அதை அடித்துவிட்டு
'ரோந்து தீவிரப்படுத்தப்பட்டது'
என்று சொன்னபடி எழுதினேன்.

அடித்த இடத்தில் மை ஊறி
தாளின் மறுபக்கமும் தெரிகிறது.
இன்ஸ்பெக்டர் கேட்டார்,
இது என்ன, இங்கே ஒரு கறை?
ஒழுகுது சார் என்றேன்,
கூரையைக் காட்டி.