அவள் நிற்காத இடங்கள்

ஒரு தாருக்கா மான் நின்ற இடம் ஒன்றென்றால்
நிற்காத இடம் ஐந்து.
கணக்கு அப்படித்தானாம்,
அரிக்காவிலிருந்து வந்த இபார்ரா அம்மையார் சொன்னார்.
நின்ற இடத்தை நான் தேட வேண்டும்:
புழுக்கை, குளம்படி, முள்ளில் சிக்கிய சாம்பல் மயிர்.
நிற்காத இடங்களைக் கணினி எறியும்,
விரிப்பின் மேல் கோக்கா இலை உதிர்ப்பதுபோல
வரைபடத்தின் மேல்.

ஆறுக்கும் நடக்க வேண்டும்.
சரிவு எத்தனை பாகை,
புதர் எத்தனை பங்கு,
தண்ணீருக்கு எத்தனை எட்டு.
நின்ற இடத்துக்கும் நிற்காத இடத்துக்கும்
கூலி ஒன்றுதான்.

படிவத்தில் அது ‘அது’.
எனக்கு அவள். இடக் காதில் ஒரு கிழிசல்.

பிப்ரவரியில்
ஒவ்வொரு பிற்பகலும் மழை இடித்துக்கொண்டு வரும்.
மலை முழுக்கத் தீனி.
நாலாயிரம் மீட்டருக்கும் மேலே
கென்யுவா மரங்கள் தோலுரிந்து சிவந்து நிற்கும் பாறைச் சரிவில்
குட்டியைக் கல்லோடு கல்லாகக் கிடத்திவிட்டு
நாலு பக்கமும் பூமாவைப் பார்த்தபடி மேய்ந்தாள்.
கீழே இறங்க அவளுக்கு என்ன வந்தது?
நான்தான் மூச்சிரைக்க ஏறினேன்.
பேனா மூடியைக் கழற்றும் நேரம் நின்றாள்.
மூடி கையில் இருக்கும்போதே
அங்கே பாறை மட்டும்தான்.

மே மாதம் ஓடை ஓரங்களில் கண்ணாடி.
ஆகஸ்டில் தோலாப் புதர் தொட்டால் நொறுங்கும்.
அக்டோபரில் வானம்
கழுவிக் கவிழ்த்த சட்டி.
யாரோ வரைபடத்தை ஒரு பக்கமாகச் சாய்த்ததுபோல்
புள்ளிகள் ஒவ்வொன்றாய்ப் புத்ரேவை நோக்கி உருண்டன.

நாற்பத்தொன்றாம் புள்ளி
என் அண்ணன் நசாரியோவின் குதிரைமசால் வயல்,
மூன்றாம் படிக்கட்டு.
கத்தரித்ததுபோல் நுனிகள் போயிருந்தன.

‘நின்ற இடம்னு எழுதப் போறியா?’
‘நின்றிருக்கே. புழுக்கை பார்.’
‘தின்ற இடம்னு எழுது.’
தின்றதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
‘இல்லாத இடத்தையெல்லாம் எழுதறே,
என் வயலுக்கு ஒரு கட்டம் இல்லையா?’

அவனிடம் இரண்டு பசு, பதினோரு செம்மறி.
நாலு அறுப்பில் ஒன்று மானுக்குப் போகிறது.
நஷ்டஈடு கேட்டுப் போன மனு
போன வழியிலேயே இருக்கிறது.
எந்தப் பட்டியலில் அவள் அருகிவருகிறாள் என்று
நான் சொல்லத் தொடங்கினேன்.
‘நானும்தான்’ என்றான்,
மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு.

அன்றிரவு காவலுக்குப் போனான்.
நாய்கள் இரண்டும் கூடவே போயின.
எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.
குரைப்புக்காகக் காத்திருந்தே விடிந்தது.

கம்பியில் சாம்பல் மயிர், பனி கோத்து.
உள்ளே வந்த தடம், வெளியே போன தடம்,
பக்கத்தில் விரல் நகம் அளவுக் குட்டித் தடம்.
வாய்க்கால் ஓரத்தில்
நாய்கள் இன்னும் கட்டியபடியே.
‘அவிழ்த்துவிட மறந்துபோச்சு’ என்றான்.
அவன் முகத்தை நான் அளக்கவில்லை.

நாற்பத்தொன்றின் ஐந்து வெற்றிடங்கள்:
ஒன்று பள்ளிக்கூட வாசல்.
ஒன்று கழுகுக்கு மட்டும் வழியுள்ள பாறை;
தூரத்திலிருந்தே எழுதினேன், அம்மையார் மன்னிக்க.
ஒன்று நெடுஞ்சாலை,
பொலிவியா லாரிகள் மூச்சுத் திணறும் வளைவு.
ஒன்று சோகொரோமா போகும் வழியில் ஓரிகானோத் தோட்டம்.
கடைசியாய் விழுந்தது
என் சமையலறை.

விதி விதிதான்.
அடுப்புப் பக்கம் அளவுகோலோடு நின்றேன்.
சரிவு: இல்லை.
புதர்: ஜாடியில் காயும் ஒரு கொத்து.
தண்ணீர்: இரண்டு எட்டு, குழாய் வந்தால்.
அருகில் உள்ள மனிதர்: பூஜ்யம் மீட்டர்.
மான் இருந்ததா என்ற கட்டத்தில்
பேனா சற்றுத் தயங்கியது.
கதவைத் திறந்து
முற்றத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான்
எழுதினேன்:
இல்லை.